பெயர் தெரியாத ஒன்பது ஊசிகள்

மேசைக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் கண்ணில் படுவது தாய்ப்பலகை. கடையில் மதர்போட் என்பார்கள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் அதன் படத்தை வரைந்து, முறைவழியாக்கி, நினைவகம், மின்கலம் என்று அம்புக்குறி போட்டுப் பெயரிட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் உண்மையான பலகையின் கீழ் விளிம்பில் நமது படத்தில் இல்லாத ஒரு கூட்டம் நிற்கும்: இரண்டு வரிசையாக நிமிர்ந்து நிற்கும் சின்னஞ்சிறிய உலோக ஊசிகள். ஓரிடத்தில் ஒன்பது, பக்கத்தில் இன்னுமோர் ஒன்பது, சற்றுத் தள்ளி மூன்று. பெட்டியின் முன்பக்கத்திலிருந்து வரும் ஒரு வயர் எங்கும் பூட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் தலையில் ஒன்பது துவாரங்கள். அதை எந்த ஒன்பதில் மாட்டிப் பார்த்தாலும் பொருந்தும்.

பொருந்திவிடுகிறதே என்பதுதான் பிரச்சினை. பொருந்திய இடமெல்லாம் உரிய இடம் என்று எண்ணி மாட்டிவிட்டு மின்னைக் கொடுத்தால், முன்பக்கத்தில் செருகிய பென் டிரைவ் எரியலாம், தாய்ப்பலகையே பழுதாகலாம். பெயர் தெரியாத ஓர் இணைப்பியை எப்படி அடையாளம் காண்பது என்பதை ஓர் உண்மையான உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கையில் ஒரு டோர்ச், ஒரு கைவில்லை, ஓர் அடிமட்டம், ஒரு பல்மானி இருந்தால் போதும். பல்மானி பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருக்கும்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நமது பாடநூல்கள் சுவரிலுள்ள மின் சொக்கட்டைக் குதை என்றும், அதில் மாட்டுவதைச் செருகி என்றும் அழைக்கின்றன. குதை பழைய சொல். வில்லில் நாண் பூட்டும் இடத்துக்கும் அதுதான் பெயர். கணினிப் பெட்டிக்குள் இந்த ஒழுங்கு தலைகீழாகும். நிலையாக இருக்கும் பலகையில் ஊசிகள் நிற்கும். அசையும் வயரில் துவாரம் இருக்கும். ஆகவே பலகையில் உள்ளதை இணைப்பி என்றும், வயரின் முனையில் உள்ளதை வயரின் தலை என்றும் எழுதுகிறேன். திருத்துநர்கள் பின் என்று சொல்வதை ஊசி என்றே எழுதுகிறேன். பின் என்று எழுதினால் முன்னும் பின்னும் என்ற பின்னோடு குழம்பிவிடும்.

ஒரே உருவம், இரண்டு வேலை

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பல ஆண்டுகளாக வந்த மேசைக் கணினிகளில் இரண்டு வகையான வெளிச் சாதனங்களுக்கு வழி இருந்தது. ஒன்று நாம் எல்லோரும் அறிந்த யூ.எஸ்.பி. மற்றையது ஐ.ஈ.ஈ.ஈ. 1394 என்ற தரநியமம். இதை அப்பிள் நிறுவனம் ஃபயர்வயர் என்றும், சோனி நிறுவனம் ஐ.லிங்க் என்றும் அழைத்தன. 1394 தரநியமம் 1995இல் வெளிவந்தது, யூ.எஸ்.பி.யின் முதற் பதிப்பு 1996இல் வந்தது. நாடாவில் பதிவுசெய்யும் டிஜிட்டல் வீடியோக் கமராக்களிலிருந்து படத்தைக் கணினிக்கு எடுக்க ஃபயர்வயரைத்தான் பயன்படுத்தினார்கள்.

பெட்டியின் வெளியே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. யூ.எஸ்.பி. குதை நீள்சதுரம். ஃபயர்வயர் குதையின் ஒரு பக்கம் வளைந்திருக்கும், அல்லது மிகச் சிறியதாக இருக்கும். ஒன்றின் வயர் மற்றதில் நுழையாது. ஆனால் பெட்டியின் உள்ளே, முன்பக்கக் குதையையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் இடத்தில், இரண்டுக்கும் ஒரே மலிவான ஊசிக்கூட்டத்தைப் பயன்படுத்தினார்கள்: ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, அதில் ஒரு மூலையில் ஓர் ஊசி இல்லை. வெளிக்குதை நம்மைப் போன்ற பாவனையாளருக்காக வடிவமைக்கப்பட்டது. உள்ளே இருப்பது கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியைப் பொருத்தும் ஊழியருக்காக வைக்கப்பட்டது. கையேடு தொலைந்து, கணினி மூன்றாவது கைக்கு மாறி, நமது வீட்டு மேசைக்கு வந்து சேரும் நாளை யாரும் யோசிக்கவில்லை. இது வடிவமைப்பாளர்களின் குறை என்றே நான் நினைக்கிறேன். வேறு வடிவம் கொடுப்பது கடினமான காரியமாக இருந்திருக்காது.

இப்போது ஊசிகளின் வேலையைப் பார்ப்போம். எண்ணிடும் முறை இதுதான்: ஒரு வரிசையில் 1, 3, 5, 7, 9, அதற்கு எதிர் வரிசையில் 2, 4, 6, 8, 10. அதாவது 1க்கு எதிரே 2, 3க்கு எதிரே 4 என்று இரட்டை இரட்டையாகப் போகும். யூ.எஸ்.பி. இணைப்பியில் 1, 2 ஆகியன 5 வோல்ற்று வழங்கும். 3, 4, 5, 6 ஆகிய நான்கும் தரவுக்கானவை. 7, 8 புவித்தொடுப்பு. 9 இல்லை. 10 வேலையின்றி நிற்கும். ஒரே இணைப்பியில் இரண்டு யூ.எஸ்.பி. குதைகளுக்கு இடம் இருப்பதால்தான் எல்லாம் இரட்டையாக இருக்கிறது.

1394 இணைப்பியிலும் 9 இல்லை. அங்கே 1, 2 தரவு, 3, 4 புவித்தொடுப்பு, 5, 6 தரவு, 7, 8 ஆகியன 12 வோல்ற்று, 10 புவித்தொடுப்பு.

இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். யூ.எஸ்.பி. வயரின் தலையை 1394 இணைப்பியில் மாட்டினால், அந்த வயரின் கறுப்புக் கம்பி, அதாவது 0 வோல்ற்றில் இருக்கவேண்டிய புவித்தொடுப்புக் கம்பி, 12 வோல்ற்று ஊசியில் போய் உட்காரும். முன்பக்கக் குதையின் உலோக உறை பெட்டியின் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், 12 வோல்ற்று நேராகத் தகட்டுக்குப் பாய்ந்து குறுஞ்சுற்று உண்டாகும். தொடாமல் இருந்தால், அடுத்து செருகப்படும் பென் டிரைவுக்கு மின் தலைகீழாகப் போகும். 5 வோல்ற்றுக்கென்று செய்யப்பட்ட பொருளுக்கு 12 வோல்ற்று, அதுவும் பிழையான திசையில். பல தாய்ப்பலகைக் கையேடுகள் இந்த இரண்டையும் மாற்றி மாட்டவேண்டாம் என்று தனியாக எச்சரிப்பது இதனால்தான்.

தொடுவதற்கு முன்

பெற்றோர் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். மகள் கணினிப் பெட்டியைத் திறக்கிறாள் என்றவுடன் பதறி, "வாப்பா வரட்டும், நானா வரட்டும்" என்று தடுப்பது நமது வீடுகளில் வழக்கம். மின் இணைப்பு கழற்றப்பட்ட பெட்டிக்குள் தாய்ப்பலகையைப் பார்ப்பதால் ஆபத்து இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்து, அதை மட்டும் தடுத்தால் போதுமானது.

அது வலு வழங்கிக்குள் இருக்கிறது. பெட்டியின் பின்மூலையில், சுவர் மின்சாரத்தின் வயர் வந்து சேரும் உலோகக் கூடுதான் வலு வழங்கி. நமது நாட்டின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டம். அது நேரோட்டமாக மாற்றப்படும்போது உள்ளே உள்ள பெரிய கொள்ளளவி ஏறக்குறைய 325 வோல்ற்று வரை ஏற்றம் பெறும். வயரைக் கழற்றிய பிறகும் அந்த ஏற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆகவே வலு வழங்கியின் கூட்டை யாரும் திறக்கக் கூடாது. மாணவியும் கூடாது, நானாவும் கூடாது.

மற்றபடி, கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது. நிறுத்திய பிறகும் தாய்ப்பலகைக்குக் காத்திருப்பு மின்னாக 5 வோல்ற்று வந்துகொண்டேயிருக்கும். பொத்தானை அழுத்தியதும் கணினி விழித்தெழுவது அதனால்தான். ஆகவே சுவர் ஆளியை மூடி, வயரைக் கழற்றி, பிறகு கணினியின் ஆரம்பப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மீதமிருக்கும் ஏற்றம் வடிந்துவிடும். பலகையைத் தொடும் முன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிடுங்கள். நைலோன் துணியும் விரிப்பும் உரசி உடலில் சேரும் நிலைமின்னை நம்மால் உணர முடியாமல் இருக்கலாம், சில்லுகளுக்கு அது போதும்.

பலகை தானே சொல்லும் செய்திகள்

முதல் வேலை வாசிப்பது. பலகையின் நடுவில், விரிவாக்கப் பள்ளங்களுக்கு இடையே, பெரிய எழுத்தில் அதன் மாதிரிப் பெயர் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் சிறிதாகப் பதிப்பு எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியின் இரண்டு பதிப்புகளில் இணைப்பிகள் இடம் மாறியிருப்பது உண்டு. அந்த மாதிரிக்கும் அந்தப் பதிப்புக்கும் உரிய கையேடு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இக்கட்டுரையின் மீதியை ஆர்வத்துக்காக வாசிக்கலாம். ஆனால் பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே முழுமையாகப் பொருத்தி விற்ற கணினிகளில் உள்ள பலகைக்குப் பெரும்பாலும் அப்படிக் கையேடு கிடைப்பதில்லை. பழைய கணினி வாங்கும் வீடுகளுக்கு வந்து சேர்வதும் அநேகமாக அந்த வகைதான்.

அடுத்து, இணைப்பியின் பக்கத்தில் வெள்ளை மையால் எழுதியிருப்பதைக் கைவில்லையால் பாருங்கள். யூ.எஸ்.பி. என்ற எழுத்துகளோ, 1394 என்ற எண்ணோ, ஃபேன் என்ற சொல்லோ இருந்தால் நல்ல காலம். சில பலகைகளில் ஜே என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். இணைப்பி என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. ஜே.பி. என்றிருந்தால் அது பெரும்பாலும் இரண்டு ஊசிகளைத் தொப்பி போட்டு இணைக்கும் அமைப்பு இடம்.

நிறத்தை நம்பவேண்டாம். ஒரு நிறுவனம் சிவப்பில் வைப்பதை இன்னொரு நிறுவனம் நீலத்தில் வைக்கும்.

எழுத்து உதவவில்லை என்றால் அளவு. அடுத்தடுத்த இரண்டு ஊசிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் காணவேண்டும். ஒரு தூரத்தை மட்டும் அடிமட்டத்தால் அளந்தால் வழு அதிகம். வரிசையின் முதல் ஊசியின் நடுவிலிருந்து கடைசி ஊசியின் நடுவரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள்: ஐந்து ஊசிகளுக்கு இடையே இருப்பவை நான்கு இடைவெளிகள். 10.2 மில்லிமீற்றரை 5ஆல் வகுத்தால் 2.04 வரும், 2 மில்லிமீற்றர் வகை என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். 4ஆல் வகுத்தால் 2.55. இது 2.54 மில்லிமீற்றர் வகை, அதாவது ஓர் அங்குலத்தின் பத்தில் ஒன்று. தாய்ப்பலகையின் பழைய ஊசிக்கூட்டங்கள் பெரும்பாலும் இந்த அளவே. யூ.எஸ்.பி. 3.0க்கான இணைப்பி 2 மில்லிமீற்றர் இடைவெளியில் 19 ஊசிகள் கொண்டது. சுற்றிலும் பிளாஸ்திக் மதில் இருப்பதால் அதை எதனோடும் குழப்பமாட்டீர்கள்.

2.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள ஜப்பானிய வகை ஒன்றும் உண்டு. நான்கு ஊசிகளில் 2.54க்கும் 2.5க்கும் உள்ள மொத்த வித்தியாசம் 0.12 மில்லிமீற்றர்தான். அடிமட்டத்தால் அதைப் பிடிக்க முடியாது. வேணியர் இடுக்கிமானியைப் படிக்கும்போது "இது எதற்கு?" என்று கேட்ட மாணவிகளுக்கு இதோ ஒரு பதில்.

இல்லாத ஊசி சொல்லும் சாட்சி

ஊசிக்கூட்டத்தில் வேண்டுமென்றே ஓர் ஊசியை விட்டுவிடுவார்கள். வயரின் தலையில் அதற்கு நேரான துவாரத்தை அடைத்துவிடுவார்கள். தலையைத் திருப்பி மாட்ட முடியாதபடி செய்யும் உபாயம் இது. எந்த ஊசி இல்லை என்பது ஓர் அடையாளமும் ஆகும்.

அதற்கு முதலில் 1ஐக் கண்டுபிடிக்கவேண்டும். பலகையில் அச்சிட்ட சிறு முக்கோணம், தடித்த கோடு, அல்லது 1 என்ற எண் அதைக் காட்டும். பலகை வெளியே எடுக்கப்பட்டிருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: மற்றைய ஊசிகளின் ஈயப்பற்று வட்டமாகவும் 1இனது சதுரமாகவும் இருப்பது வழக்கம். 1ஐக் காணாமல், விடுபட்ட மூலை 9ஆ 10ஆ என்று சொல்லப் போனால் குழம்பிவிடுவீர்கள்.

9 இல்லாவிட்டால் அது யூ.எஸ்.பி., அல்லது 1394. 10 இல்லாவிட்டால் அது பெட்டியின் முன்பக்கப் பொத்தான்களுக்கும் விளக்குகளுக்குமான இணைப்பி, அல்லது பழைய தொடர்நிலைத் துறைக்கான இணைப்பி. 8 இல்லாவிட்டால் ஒலிவாங்கிக்கும் காதணிக் கேட்பிக்குமான முன்பக்க ஒலி இணைப்பி. ஆக, ஒலி இணைப்பியை மட்டும் இந்த ஒரு சாட்சியைக் கொண்டே பிரித்துவிடலாம். மற்ற இரண்டு சந்தர்ப்பங்களிலும் இரண்டு பெயர்கள் மிஞ்சுகின்றன. துரதிர்ஷ்டம் என்னவென்றால், மிஞ்சும் ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மற்றதைக் கெடுக்கக்கூடியது.

சுற்றியுள்ள உதிரிப்பாகங்களைப் பார்த்தால் இன்னும் சில குறிப்புகள் கிடைக்கும். இணைப்பியின் அருகே உருளை வடிவக் கொள்ளளவி இருந்தால் அதன் மேல் எழுதிய வோல்ற்றளவை வாசியுங்கள். கொள்ளளவி தாங்கக்கூடிய உச்ச அளவு அது. 6.3 என்று எழுதிய கொள்ளளவி நேராக இணைந்திருக்கும் ஊசியில் 12 வோல்ற்று இருக்க முடியாது. இருந்தால் அது எப்போதோ வெடித்திருக்கும். 16 என்று எழுதியிருந்தால் 12 வோல்ற்றாக இருக்கலாம். ஆனால் 5 வோல்ற்றுப் பாதையிலும் 16 வோல்ற்றுக் கொள்ளளவியை வைப்பதற்குத் தடை எதுவும் இல்லை. கவனியுங்கள்: 6.3 என்ற எண் ஓர் ஊகத்தை முறியடிக்கிறது. 16 என்ற எண் எதையும் முறியடிக்கவில்லை. ஒன்றுக்குச் சிறிது ஆதரவு கொடுக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு வகைச் சாட்சிகளையும் ஒரே எடையில் வைக்கக் கூடாது.

இன்னோர் உதாரணம். ஃபயர்வயர்ச் சில்லுக்கு அருகே 24.576 என்று பொறித்த சிறிய வெள்ளி நிறப் பளிங்கு ஒன்று இருக்கும். அது 24.576 மெகாஹேட்ஸ் மீடிறனில் துடிக்கும் பளிங்கு. அதைக் கண்டதும் "பிடித்துவிட்டேன், 1394!" என்று துள்ளத் தோன்றும். ஆனால் பழைய ஒலிச் சில்லுகளும் இதே மீடிறன் கொண்ட பளிங்கைப் பயன்படுத்தின. பளிங்கிலிருந்து எந்தச் சில்லுக்குக் கோடு போகிறது, அந்தச் சில்லின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும்வரை துள்ளலை அடக்கவேண்டும்.

செப்புக் கோடுகளையும் பாருங்கள். சமாந்தரமாக, ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல், சில இடங்களில் வேண்டுமென்றே நெளிந்து போகும் இரண்டு மெல்லிய கோடுகள் தரவுக் கோடுகள். இரண்டின் நீளத்தையும் சமமாக்கவே அந்த நெளிவு. அகலமான செப்புப் பரப்பில் நேராக இறங்கும் ஊசி வலுவுக்கோ புவித்தொடுப்புக்கோ உரியது.

பல்மானியின் தீர்ப்பு

இனி, மின் கொடுக்காமலே செய்யும் சோதனை. பல்மானியைத் தடை அளக்கும் நிலையில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பல்மானி வயர்களின் சொந்தத் தடை. பிறகு கறுப்பு முனையைப் பலகையைப் பெட்டியோடு பூட்டும் திருகாணித் துளையின் உலோக வளையத்தில் வையுங்கள். அந்த வளையம் புவித்தொடுப்போடு இணைந்திருக்கும். பின்பக்க யூ.எஸ்.பி. குதையின் உலோக உறையும் அப்படியே. இரண்டுக்கும் இடையே அளந்து உறுதிசெய்யலாம். சிவப்பு முனையால் இணைப்பியின் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே வாசிப்பை எழுதுங்கள்.

7, 8 ஆகியன மட்டும் புவித்தொடுப்பைக் காட்டினால் அது யூ.எஸ்.பி.யின் ஒழுங்கு. 3, 4, 10 காட்டினால் அது 1394இன் ஒழுங்கு. இரண்டு ஒழுங்குகளிலும் புவித்தொடுப்பு ஊசிகள் ஒன்றுகூடப் பொதுவாக இல்லை என்பதால் இந்தச் சோதனை ஒன்றை ஏற்கும்போதே மற்றதை மறுத்துவிடுகிறது. அளவும் அச்சும் நிறமும் பளிங்கும் தராத தெளிவு இங்கே கிடைக்கிறது. இரண்டுக்கும் பொருந்தாத மூன்றாவது விடை வந்தாலோ? அப்போது 1 என்று நீங்கள் எண்ணியது 1தானா என்று மீண்டும் பாருங்கள். அதுவும் சரியென்றால் இது அந்த இரண்டும் இல்லை. அப்படியும் நடக்கும்.

10 இல்லாத சோடிக்கும் இதே சோதனைதான். முன்பக்கப் பொத்தான் இணைப்பியில், பரவலான ஒழுங்கின்படி, 5உம் 8உம் புவித்தொடுப்பு. ஒன்று மீள்தொடக்கப் பொத்தானுக்கு, மற்றது ஆரம்பப் பொத்தானுக்கு. தொடர்நிலைத் துறை இணைப்பியில் ஒரே ஓர் ஊசிதான் புவித்தொடுப்பு. அது 8 ஆக இருப்பதில்லை. 5 இரண்டிலும் ஒலிக்கலாம். ஆகவே 5ஐத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் பயனில்லை. கேட்கவேண்டிய கேள்வி 8இடம்தான் இருக்கிறது.

பல்மானியின் தொடர்ச்சி ஒலியை, அதாவது அந்த "பீப்" சத்தத்தை, மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. தடை பூச்சியமாக இல்லாமல் சில பத்து ஓம் இருந்தாலும் சில பல்மானிகள் ஒலிக்கும். சத்தத்தைக் கேட்டு முடிவெடுக்காமல் எண்ணை வாசியுங்கள். முனைகளின் சொந்தத் தடையைக் கழித்த பிறகு உண்மையான புவித்தொடுப்பு பூச்சியத்தை ஒட்டி நிற்கும்.

வயரின் பக்கத்தையும் அளந்து பார்ப்பது நல்லது. சந்தேகம் பலகையில் மட்டும் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. யூ.எஸ்.பி. வயருக்குள் சிவப்பு 5 வோல்ற்று, வெள்ளையும் பச்சையும் தரவு, கறுப்பு புவித்தொடுப்பு. மலிவான பெட்டிகளில் இந்த நிற ஒழுங்கு மீறப்படுவதும் உண்டு. முன்பக்கக் குதையின் உள்ளே தெரியும் நான்கு தகடுகளில் ஒவ்வொன்றும் வயரின் தலையில் எந்தத் துவாரத்துக்குப் போகிறது என்று பல்மானியால் அளந்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எல்லாம் யூ.எஸ்.பி. என்று சொன்ன பிறகு, மாட்டுவதற்கு முன், மின் கொடுத்து ஒருமுறை உறுதிசெய்ய விரும்பினால் ஆசிரியரின் முன்னிலையில் செய்யுங்கள். மின் உள்ளபோது பல்மானி முனையை ஊசிக்கூட்டத்தில் நேராக வைக்கக் கூடாது. முனை 2 மில்லிமீற்றர் வழுக்கினாலே அடுத்த ஊசியைத் தொட்டுக் குறுஞ்சுற்றாகிவிடும். மின் இல்லாதபோது, துவார முனையுள்ள ஒற்றை வயர் ஒன்றை 1இல் மாட்டுங்கள். மறுமுனையைப் பெட்டிக்கு வெளியே எடுத்து, எதையும் தொடாதபடி பல்மானியின் சிவப்பு முனையோடு பிணையுங்கள். கறுப்பு முனை பெட்டியின் உலோகத்தில். பல்மானி நேரோட்ட வோல்ற்றளவு நிலையில். அதன் பிறகே ஆளியைப் போடுங்கள். 5 வோல்ற்றை ஒட்டிய வாசிப்பு வரவேண்டும்.

மூன்று ஊசிகளைப் பற்றிச் சுருக்கமாக

தொடக்கத்தில் சற்றுத் தள்ளி நின்ற மூன்று ஊசிகளை மறந்துவிடவில்லை. மூன்று ஊசிக்கூட்டம் இரண்டு வகையில் வரும். மின்விசிறி இணைப்பியின் முதுகில் உயரமான பிளாஸ்திக் நாக்கு ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் ஊசிகள் ஒழுங்காகப் புவித்தொடுப்பு, 12 வோல்ற்று, விசிறியின் வேகத்தை அறிவிக்கும் கம்பி. நான்காவது ஊசி இருந்தால் அது வேகத்தைக் கட்டுப்படுத்த. மற்றையது நாக்கு இல்லாத வெறும் மூன்று ஊசிகள். இரண்டை மூடி ஒரு சிறு தொப்பி போட்டிருப்பார்கள். வட்ட மின்கலத்தின் அருகே இருந்தால் பெரும்பாலும் அது கணினியின் ஆரம்ப அமைப்புகளை அழிப்பதற்கானது. கடவுச்சொல் மறந்த கணினியைத் திருத்தும்போது இந்தத் தொப்பியை ஓர் இடம் தள்ளி மாட்டுவார்கள். தொப்பியை மறந்துபோய் விசிறி இணைப்பியின் முதல் இரண்டு ஊசிகளில் போட்டால் 12 வோல்ற்று நேராகப் புவித்தொடுப்பைத் தொடும். நாக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு விநாடி போதும்.

அடையாளம் கண்டதை அடுத்தவருக்கும் பயன்படச் செய்யுங்கள். பலகையின் படத்தைத் தொலைபேசியில் எடுத்து, காகிதத்தில் இரண்டு வரிசையாக ஒன்பது புள்ளிகளை வரைந்து, ஒவ்வொன்றின் எதிரே அளந்த எண்ணையும் திகதியையும் எழுதி, பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவர் உங்கள் தங்கையாக இருக்கலாம்.

எவ்வளவு அளந்தும் விடை தெளியவில்லை என்றால், அந்த வயரின் தலையை நாடாவால் சுற்றி, மற்ற ஊசிகளைத் தொடாதபடி பெட்டியின் சட்டத்தோடு கட்டிவிட்டு மூடுங்கள். முன்பக்க யூ.எஸ்.பி. இல்லாமலும் கணினி முழுமையாக இயங்கும். பின்பக்கத்தில் இன்னும் நான்கு குதைகளாவது இருக்கும்.